வெளியில் வாங்கிக்கொள்ளலாம்

முதலாளி காசிலிங்கம் இறந்த பிறகு, வேணுவனம் பம்ப்ஸில் அபிவிருத்திப் பிரிவு என்றால் சித்ரலேகா ஒருத்திதான் என்று ஆகிவிட்டது.

திருநெல்வேலிப் பேட்டையின் தொழிற்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிய கடைசிக் கட்டடம் அவர்களுடையது. முன்பக்கம் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றும் கூடம். அதற்குப் பின்னால் லேத்துகள். பெயிண்ட் அடிக்கும் கொட்டகையையும் தாண்டிப் போனால் அவளுடைய அறை வரும். காசிலிங்கம் இருந்தவரை சாப்பாட்டு வேளைக்கு முன்னால் அங்கே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். அவள் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதைப் பற்றிக் கேட்பார். புரிந்தால் சந்தோஷப்படுவார், புரியாவிட்டால் இன்னும் அதிகமாகச் சந்தோஷப்படுவார். தொண்ணூற்று நான்கில் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி சொர்ணாம்பாள் கம்பெனிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் முன்பக்க ஆபீசிலேயே இருந்தார். பின்பக்கம் வரவே இல்லை.

அறையில் கூட வேலை பார்த்த மாரிக்கண்ணு என்ற டெக்னீஷியன் மறுவருடம் விசா கிடைத்து ஷார்ஜாவுக்குப் போனான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று சித்ரலேகா கேட்கவில்லை. யாரும் ஆள் போடவும் இல்லை. அதன்பின் சில நாட்களில் காலையில் வாட்ச்மேனுக்குச் சொல்லும் வணக்கத்துக்கும் மாலையில் கண்டக்டரிடம் சொல்லும் "ஒரு பாளையங்கோட்டை"க்கும் நடுவில் அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தாள். அம்மா இருந்தவரை இரண்டு பேர். அண்ணன் பரோடாவில் இருந்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான். அவளுக்கு வந்த வரன்களில் ஒன்று ஜாதகத்தில் நின்றது, இன்னொன்று அவள் வேலைக்குப் போவதில் நின்றது. பிறகு முப்பத்துமூன்று வயதாகிவிட்டது. கேட்பவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அவள் அந்த அறையில் செய்துகொண்டிருந்தது ஒரு காப்புப் பெட்டி. கிணற்று மோட்டாருக்கு மூன்று பேஸ், அதாவது மூன்று கம்பிகளில் வரும் கரண்ட் வேண்டும். அதில் ஒன்று போய்விட்டால் மோட்டார் உடனே நிற்காது. மிச்சமுள்ள இரண்டிலிருந்து அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டு முனகும், சூடேறும், கடைசியில் சுருள் கருகிப்போகும். நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் காற்றுக் காலத்தில் கம்பிகள் உரசி இப்படிப் பேஸ் போவது சாதாரணம். கருகிய மோட்டார்கள் கம்பெனி வாசலுக்கு மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் வந்து இறங்கும். தப்பு கரண்டில் என்றாலும் திட்டு கம்பெனிக்குத்தான். "நம்ம மோட்டாருக்கு நாமளே ஒரு காவல் செஞ்சு குடுப்போம்" என்று காசிலிங்கம் தொடங்கிவைத்த வேலை அது. அவர் போன பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவள் செய்துகொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றாறில், ஆனி பிறந்த சமயம், சொர்ணாம்பாள் அவளை முன்பக்கம் வரச் சொன்னார். போனபோது ஒர்க்ஸ் மேனேஜர் தாணுமாலையனும் அங்கே இருந்தார். மேஜை மேல் கையகல நீலப் பெட்டி ஒன்று இருந்தது.

"இங்கன உக்காரு சித்ரா" என்றார் சொர்ணாம்பாள். "கோயம்புத்தூர்க்காரங்க சாம்பிள் அனுப்பியிருக்காங்க. நீ செய்யுதியே, அதே சோலிக்குத்தான். தாணுமாலையன் வாங்கிரலாம்னு சொல்லுதாரு."

தாணுமாலையன் சங்கடத்தோடு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. "நான் சித்ராம்மா சோலியக் குறை சொல்லல. ஆனா நமக்கு வருஷத்துக்கு எத்தனை பெட்டி வேணும்? அவன் ஆந்திரா, கர்நாடகான்னு அனுப்புதான். ஒரு பொட்டு டிரான்சிஸ்டர்னாலும் அவனுக்கு மூட்டையா வருது, நாம மெட்ராஸ்ல போயி பொட்டலமா வாங்குதோம். எப்படிக் கட்டுபடியாகும்? இன்னொண்ணும் இருக்கு. நாளைக்கு இவங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்தா, அந்தப் பெட்டியத் தொறந்து பாக்க நம்ம கம்பெனில வேற ஆள் உண்டா?"

"அதையே திருப்பிக் கேக்கேன்" என்றார் சொர்ணாம்பாள். "நாளைக்கு அவன் தரமாட்டேன்னா என்ன செய்வீங்க? விலைய ஏத்தினா? மோட்டார் நம்ம பேர்ல போகுது. காவல் எவனோ செஞ்சது. காவல் தவறிச்சுன்னா பேரு யாருக்குக் கெடும்?"

"அது சரிதான். ஆனா பேரிங்கை நாமளா செய்யுதோம்? கெப்பாசிட்டர நாமளா செய்யுதோம்? வாங்கித்தான மாட்டுதோம்."

இருவரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். காலையிலிருந்து பேசாத சித்ரலேகாவின் குரல் உடனே வரவில்லை.

"நான் சொன்னா அது ஞாயமா இருக்காதும்மா" என்றாள். "வேண்டாம்னு சொன்னா, என் சோலியக் காப்பாத்திக்கிடச் சொல்லுதேன்னு ஆயிரும்."

"ஆகட்டும். இதுக்குள்ள என்ன இருக்குன்னு இங்கன உனக்கு மட்டுந்தான் தெரியும். நான் வேற யார்ட்டப் போயிக் கேக்க?" சொர்ணாம்பாள் நீலப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டையும் போட்டுப் பாரு. பைய பாரு, அவசரமில்ல. பாத்துட்டு வந்து நாம செய்யணுமா, வெளியில வாங்கணுமான்னு நீயே சொல்லு."

நாங்குநேரியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே விலகிய ஓர் ஊரில் இசக்கித்தாய் என்பவளின் தோட்டத்துக் கிணற்றில் சித்ரலேகாவின் பெட்டி ஏற்கெனவே சோதனைக்கு மாட்டப்பட்டிருந்தது. இசக்கித்தாயின் புருஷன் பம்பாயில் இட்லிக் கடை வைத்திருந்தான். அவள் தனியாக மிளகாயும் கத்திரியும் போட்டு, இரண்டு ஆடுகளோடு இருந்தாள். சித்ரலேகா நீலப் பெட்டியைத் தன் பெட்டிக்கு அருகில் மாட்டி, எந்தப் பெட்டி எப்போது மோட்டாரை நிறுத்தச் சொல்கிறது என்று காட்ட பெட்டிக்கொரு சிறு விளக்கை வைத்தாள். பிறகு தினமும் காலை பஸ்ஸில் போய், மோட்டார் ரூம் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, அந்த இரண்டு விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனிக் காற்று நாள் முழுக்க அடித்தது. பனைகளின் சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை. வேலைக்கு நடுவே இசக்கித்தாய் வந்து பக்கத்தில் குந்துவாள்.

"யம்மா, இதப் பாத்துக்கிட்டே இருக்கதுக்கா உங்களுக்குச் சம்பளம் தாராவ?"

"ஆமா."

"நல்ல சோலிதான்." சற்று நேரம் அவளும் விளக்குகளைப் பார்ப்பாள். "பேச்சுத் துணைக்காவது ஒரு ஆள அனுப்பக் கூடாதா? ஒத்தப் பொம்பளைய இந்தக் காட்டுல உக்காத்தி வச்சிருக்காவ."

"நீங்க இருக்கியள்லா."

"நானா?" என்று சிரித்தாள் இசக்கித்தாய். "நான் ஆட்டுட்டதான் பேசிக்கிட்டிருக்கேன்."

காற்றில் கம்பி உரசிக் கரண்ட் ஒரு கணம் துவண்டாலே சித்ரலேகாவின் பெட்டி பதறியது. பேஸ் போகவில்லை, துவண்டதுதான்; ஆனாலும் அதன் விளக்கு எரிந்தது. மாதக்கணக்காக அவள் மல்லுக்கட்டிய குறை அது. பதறாமல் இருக்கச் செய்தால், உண்மையிலேயே பேஸ் போகும்போது தாமதமாக விழித்தது. நீலப் பெட்டி அப்படி இல்லை. கரண்ட் துவண்டால் அசையாமல் இருந்தது. பேஸ் போனால் உடனே சொன்னது. முதல் நாள் அதைத் தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் அப்படி நினைக்க முடியவில்லை.

ஒன்றில் மட்டும் அவளுடையது மேலாக நின்றது. மத்தியான வேளைகளில் லைனில் இரண்டு பேஸ்தான் வரும். விவசாயிகள் மூன்றாவதுக்குப் பதிலாக ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்து மோட்டாரை ஓட்டிவிடுவார்கள்; எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். அவளுடைய பெட்டி அதைப் புரிந்துகொண்டு, மோட்டார் இழுக்கும் கரண்டை மட்டும் கவனித்துக்கொண்டு, ஓட விட்டது. நீலப் பெட்டிக்கு அந்த வழக்கம் தெரியாது. மூன்றில் ஒன்று இல்லை என்றதும் நிறுத்து என்றது.

ஒரு சனிக்கிழமை மாலை நீலப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, மூடியின் திருகுகளைக் கழற்றினாள். அவளுடைய பெட்டி உதிரிகளால் நெருக்கியடித்துக் கிடக்கும். இதற்குள் காற்றோட்டமாக இடம் இருந்தது. கம்பித் தடங்களைப் பென்சிலால் தாளில் வரைந்துகொண்டே வந்தவள், நடுவில் நிறுத்தினாள்.

அவள் மூன்று பேஸ்களையும் தனித்தனியாக அளந்துகொண்டிருந்தாள். மூன்று காவலாளிகள், மூன்று பயங்கள். இந்தப் பெட்டியைச் செய்தவர் அப்படிச் செய்யவில்லை. மூன்றையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மூன்றும் ஒழுங்காக இருந்தால் ஒன்றை ஒன்று தின்று, அந்தப் புள்ளியில் எதுவும் மிஞ்சாது. எல்லாம் சேர்ந்து துவண்டாலும் மிஞ்சாது. ஒன்று போனால் மட்டும்தான் மிஞ்சும். அந்த மிச்சத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அவளுக்கு முதலில் வந்தது பொறாமை அல்ல. யாரோ அறைக்குள் வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் அறிந்தவரை, இந்த உலகத்தில் இதைப் பற்றி இவ்வளவு நேரம் யோசித்த ஆள் அவள் ஒருத்திதான். அப்படி இல்லை. இன்னொருவர் இருக்கிறார். இதே சுவரில் முட்டியிருக்கிறார். பிறகு பக்கத்தில் ஒரு கதவைக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு மூலையில், ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்களைப் போட்டிருந்தார். ஏன் என்று சற்று யோசித்ததும் புரிந்தது. கோடைச் சூட்டில் ஒன்று மட்டும் வேகும், அதனால் சுமையைப் பங்கு வைத்திருக்கிறார். "ஆமா, நானும் அங்கனதான் பட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகுதான் வீட்டில் தன் குரலைக் கேட்டாள்.

திங்கட்கிழமை சொர்ணாம்பாளின் எதிரில் போய் நின்றாள்.

"வெளியில வாங்கிக்கிடலாம்மா" என்றாள்.

சொர்ணாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன். அது என்னோடத விட நல்லா இருக்கு. நான் இன்னும் ரெண்டு வருஷம் உக்காந்தாலும் அந்த வழிக்கு வந்திருப்பேனான்னு தெரியல. ஆனா ஒரு குறை உண்டு. டூ பேஸ் நேரத்துல மோட்டார ஓட விடாது. ஓடலைன்னா தோட்டக்காரங்க பெட்டியோட ஒயரக் கழட்டி விட்டுருவாங்க. பொறவு காவல் இருந்தும் பிரயோஜனமில்ல. அத மட்டும் அவங்கள மாத்தித் தரச் சொல்லணும். நானே போயிச் சொல்லுதேன். செஞ்சவங்களப் பாத்துப் பேசினா அரைமணி நேரத்துல புரிஞ்சுக்கிடுவாங்க."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. சொர்ணாம்பாள் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. "போயிட்டு வா" என்றார்.

கோயம்புத்தூர் போகும் பஸ்ஸில் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஆளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் வயதானவராக இருக்கலாம். தன் வயதாகவும் இருக்கலாம். பெண்ணாகக்கூட இருக்கலாம், ஏன் கூடாது? அந்த இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றி முதலில் கேட்க வேண்டும். கேட்டதுமே தன்னையும் அவர் புரிந்துகொள்வார்.

மறுநாள் காலை கணபதி என்ற பகுதியில் இருந்த அந்தக் கம்பெனிக்குப் போனாள். உரிமையாளர் கணேஷ்ராம் எழுந்து வந்து வரவேற்றார். சுறுசுறுப்பான மனிதர், நாற்பது வயதிருக்கும்.

"வாங்க மேடம், ஒக்காருங்க. டிபன் ஆச்சுங்களா? திருநெல்வேலில இருந்து நேர்ல வருவீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க."

கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சர்க்யூட் பலகைகளில் உதிரிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளில் அவர்கள் முடிப்பதைத் தான் ஒரு வருடத்தில் முடிக்க முடியாது என்று சித்ரலேகா பார்த்த மாத்திரத்தில் அறிந்தாள். தாணுமாலையன் சொன்னது சரிதான். டூ பேஸ் விஷயத்தை விளக்கிச் சொன்னாள். கணேஷ்ராம் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நியாயந்தானுங்க. இங்கயும் தோட்டத்துல அப்படித்தான் ஓட்டறாங்க. ஆனா மாத்தறது கஷ்டமுங்க."

"நான் டிசைன் செஞ்சவங்கட்ட பேசலாமா? அவங்களுக்கு உடனே புரியும்."

"டிசைனுங்களா?" கணேஷ்ராம் சிரித்தார். "அது நாங்க பண்ணலீங்க. வெளிய குடுத்துப் பண்ணினதுங்க."

அவளுக்குப் புரியவில்லை. "வெளியன்னா?"

"பெல்காம்ல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. எங்களுக்கு இதுல ஆளு வெச்சு ஆராய்ச்சி பண்ற தெம்பு இல்லீங்க. அவரே வந்து செஞ்சு தர்றேன்னாரு. லாட்ஜுல ரூம் போட்டுக் குடுத்தோம். ரெண்டு மாசமோ என்னமோ, ரூம விட்டு வெளியவே வரமாட்டாருங்க. முடிச்சாரு, டிராயிங்கக் குடுத்தாரு, போயிட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலீங்களே. ஒருக்கா ஒரு சந்தேகம் வந்து அந்த அட்ரசுக்கு ஆளனுப்பினோம். வீடு காலி பண்ணிட்டாருன்னு சொல்லிட்டாங்க. நாங்க டிராயிங்ல இருக்கற மாதிரியே போடறோமுங்க, அவ்வளவுதான். ஒண்ண மாத்தினா என்னாகும்னு இங்க யாருக்கும் தெரியாது. அதனால தொடறதே இல்லீங்க."

"அந்த ரெண்டு ரெசிஸ்டர்..." என்று தொடங்கினாள்.

"எந்த ரெண்டுங்க?"

"ஒண்ணுமில்ல." பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "அவர் எப்படி இருப்பாரு?" என்றாள்.

கணேஷ்ராம் யோசித்தார். "எப்படின்னா... பேசவே மாட்டாருங்க. மூணு வேளையும் தயிர்ச்சோறுதான் வாங்கிட்டு வரச் சொல்லுவாரு. கெளம்பற அன்னிக்கு லைன்ல வேலை செய்யற புள்ளைங்களுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கிக் குடுத்தாருங்க. அதுதான் ஞாபகம் இருக்குது."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் கேள்விகளை அடுக்கவில்லை. சாத்தூரைத் தாண்டிக் கரிசல் காடுகளுக்கு மேல் வெயில் சாய்ந்தபோது, ஒரு லாட்ஜ் அறையில் கட்டில் மேல் தாள்களைப் பரப்பிக்கொண்டு, தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை நினைத்துக்கொண்டாள். அவருக்கும் எதிரில் யாரும் இருந்திருக்கவில்லை.

இருந்தது இருந்தபடி சொர்ணாம்பாளிடம் சொன்னாள்: பெட்டி நல்ல பெட்டி, ஆனால் செய்கிறவர்களுக்கே அது தெரியாது, டூ பேஸுக்கு மாற்றித் தரமாட்டார்கள். சொர்ணாம்பாள் இரண்டு நாள் யோசித்தார். பிறகு கூப்பிட்டு, வாங்குவது என்று முடிவு செய்ததைச் சொன்னார்.

"மோட்டாரும் பம்பும்தான் நம்ம தொழில், சித்ரா. நாம அதுல கண்ணா இருந்தாதான் இன்னிக்கு வார போட்டிக்கு நிக்க முடியும். எங்க வீட்டுல அவிய இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாவ. நான் அவிய இல்ல." அவர் குரல் சற்று இறங்கியது. "உன்ன வெளிய போன்னு சொல்லல. வார பெட்டியெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க ஒரு ஆள் வேணும்."

அப்படியாக அவள் ஸ்டோர் வாசலில் ஒரு மேஜைக்கு வந்தாள். கோயம்புத்தூர்ப் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்து, சரி என்று முத்திரை வைத்தாள். பின்பக்க அறையில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். தாணுமாலையன் சில நாட்கள் அவள் மேஜைப் பக்கம் வரும்போது குனிந்துகொண்டே போனார். பிறகு ஒரு நாள் தன் வீட்டுத் தோட்டத்து மாம்பழங்களைப் பையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முன்பக்கத்தில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், பேச்சுக் குறைவில்லை. ஆனால் பின்னறையில் தனியாக இருந்தபோது இல்லாத ஒரு வெறுமை இப்போதுதான் வந்தது. அங்கே இருந்தபோது அவளுக்கு யோசிக்க ஏதாவது இருந்தது.

மறுவருடம் சித்திரையில், சித்ரலேகாவின் பெட்டிக்குப் பதில் நீலப் பெட்டி மாட்டப்பட்டிருந்த இசக்கித்தாயின் மோட்டார் கருகியது. விசாரிக்கப் போன சித்ரலேகாவை அவள் வரப்பிலேயே நிறுத்திவிட்டாள்.

"எதுக்கு வந்திய? எரிஞ்சதப் பாக்கவா?"

"பெட்டி ஒயரக் கழட்டி வச்சிருந்தீங்களா?"

"கழட்டாம என்ன செய்ய? பகல்ல மத்தியானம் ரெண்டு மணி நேரந்தான் தண்ணி பாய்ச்ச முடியுது. அந்த நேரம் பாத்து உங்க நீலப் பெட்டி நிக்கச் சொல்லுது. செடி வாடுது யம்மா. கழட்டிவிட்டேன். ராத்திரி மோட்டாரப் போட்டுட்டுப் படுத்துட்டேன், ஒரு பேஸ் போயிருக்கு, எனக்கு என்ன தெரியும்?" அவள் கண் கலங்கியது. "பழசு நல்லாத்தான இருந்துச்சு? அது அப்பப்ப நிக்கும், திரும்பப் போட்டா ஓடும். அத எதுக்குக் கழட்டிட்டுப் போனிய? யாரு சொன்னா அது வேண்டாம்னு?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் சித்ரலேகா.

இசக்கித்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வெயில்ல நிக்காதிய. இங்கன வாங்க" என்று மர நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

இசக்கித்தாயின் மோட்டார் ஒன்று மட்டும் அல்ல. அந்தக் கோடையில் காவல் பெட்டி இருந்தும் கருகிய மோட்டார்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் ஒயர் கழற்றப்பட்டிருந்தது. சொர்ணாம்பாள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். கணேஷ்ராம் மறுக்கவில்லை, அவருக்கு வேறு ஊர்களிலிருந்தும் இதே புகார் வந்துகொண்டிருந்தது. கடைசியில் சித்ரலேகாவிடம் பேச வேண்டும் என்றார்.

"மேடம், அன்னிக்கே நீங்க சொன்னீங்க. அந்த பெல்காம்காரர் போட்டத முழுசாப் புரிஞ்சுட்ட ஒரே ஆளு நீங்கதானுங்க. அதுலயே டூ பேசுக்கும் சேத்து நீங்க செஞ்சு குடுங்க. இங்க வேலைக்கு வர்றீங்களா?"

"ஊர விட்டு வர முடியாதுங்க."

"அப்ப அங்கயே இருந்து பண்ணுங்க. வெளியாளாப் பண்ணிக் குடுங்க. அவருக்குக் குடுத்த மாதிரியே குடுத்தர்றோம்."

அவள் சொர்ணாம்பாளிடம் போனாள். "அந்த ரூமத் திரும்பத் தொறந்து தருவீங்களாம்மா? இங்கயே செய்யுதேன். நம்ம பெட்டியாவே இருக்கட்டும்."

சொர்ணாம்பாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காசிலிங்கத்தின் படத்தை விரலால் தடவினார்.

"தொறந்துரலாம். இத முடிச்ச பொறவு உனக்கு நான் என்ன சோலி தருவேன்? வருஷத்துக்கு ஒண்ணு கண்டுபிடிக்கணும்னு சொல்ல என் கம்பெனில அவ்வளவு இல்ல சித்ரா. திரும்பவும் ஒரு நாள் மூடுவேன். ஒனக்கு ரெண்டு தடவ அதச் செய்ய எனக்கு மனசில்ல. அவன் நாலு ஸ்டேட்டுக்கு விக்குதான். நீ செய்யது அவன் வழியாப் போனாதான் எல்லாக் கிணத்துக்கும் போகும்."

அதில் நியாயம் இருந்தது. இருந்ததால்தான் அவளுக்கு வலித்தது. "அப்ப நான் சோலிய விட்டு நின்னுக்கிடுதேம்மா" என்றாள்.

"வீட்டுல தனியா உக்காந்தா செய்யப் போற?"

"இங்கயும் தனியாத்தானம்மா இருந்தேன்."

சொர்ணாம்பாள் தலை நிமிர்ந்து பார்த்தார். மேஜைமணியை அழுத்தி இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார். இருவரும் அதைக் குடித்து முடித்தார்கள்.

மழைக்காலத்துக்குள் சித்ரலேகா அந்த வேலையை முடித்தாள். பெல்காம்காரர் போட்ட எதையும் அவள் கலைக்கவில்லை. அவர் விட்டிருந்த காலி இடத்தில் தன்னுடையதைச் சேர்த்தாள், அவ்வளவுதான். புதிய பெட்டி கோயம்புத்தூர்க் கம்பெனியின் பெயரில் வந்தது. வேணுவனம் பம்ப்ஸும் அதைத்தான் வாங்கி மாட்டியது. தோட்டக்காரர்கள் ஒயரைக் கழற்றுவது மெல்லக் குறைந்தது. அது யார் செய்தது என்று கேட்பவர் யாரும் இல்லை. கேட்கவேண்டிய காரணமும் இல்லை. கணேஷ்ராம் சொல்லி ராஜ்கோட்டிலிருந்து ஒருவர் அழைத்தார், பிறகு செகந்திராபாத்திலிருந்து ஒருவர். வேலை போனில் வந்து பார்சலில் போனது. அவர்கள் யாரையும் அவள் பார்த்ததில்லை. சில சமயம் நாள் முழுக்க ஹிந்தியில் நான்கு வாக்கியம் மட்டும் பேசியிருப்பாள்.

தொண்ணூற்றொன்பது தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிவாக்கில், வாசலில் கார் வந்து நின்றது. சொர்ணாம்பாள் இறங்கினார். சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி என்றார். அது நேர்வழி அல்ல என்பது இருவருக்கும் தெரியும். உள்ளே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் அவரை உட்காரவைத்துவிட்டு, சித்ரலேகா ஓர் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

சொர்ணாம்பாள் மேஜையில் கிடந்த பலகைகளையும் கம்பிகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"அவிய போன பொறவு நான் அந்த ரூமுக்கு ஒரு நாள்கூட வரல" என்றார். "அவிய இல்லாத ஸ்டூலப் பாக்கணுமேன்னு. நீ அங்கன இருக்கன்னு எனக்கு உறைக்கவே இல்ல."

"பரவாயில்லம்மா."

"வாங்குனது சரிதான். அத நான் மாத்திச் சொல்லமாட்டேன். ஆனா வந்திருக்கணும்."

சித்ரலேகா எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். சொர்ணாம்பாள் ஒரு பலகையைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் அடுத்ததை எடுத்து, இது என்ன என்று கேட்டார். வெளிச்சம் மங்கி, டிரைவர் ஒரு முறை வாசலில் வந்து எட்டிப்பார்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "வாரேன்" என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் சித்ரலேகா வண்ணார்பேட்டையில் இன்னொரு நாற்காலி வாங்கிவந்து மேஜைக்கு எதிரில் போட்டாள். பெரும்பாலான நாட்களில் அதன் மேல் பார்சல்கள்தாம் இருந்தன.